நான்கு ஜாடிகள், ஒரு கலயம்

தப்பான பெயர் என்று தெரிந்த பிறகும் அதே பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருப்பது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. பண்டைய எகிப்தியர்கள் இறந்தவரின் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றைப் பதப்படுத்தி நான்கு ஜாடிகளில் போட்டு, உடலோடு சேர்த்துக் கல்லறையில் வைத்தார்கள். அந்த ஜாடிகளை இன்று உலகம் முழுக்க 'கனோபிக் ஜாடி' என்கிறார்கள். எகிப்தியர்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

கனோபஸ் என்பது ஒரு துறைமுக ஊர். இன்றைய அலெக்சாந்திரியாவுக்குக் கிழக்கே, அபு கிர் பக்கத்தில் இருந்தது. ஊரின் ஒரு பகுதி இப்போது கடலுக்கடியில் கிடக்கிறது. ரோமானியர் காலத்தில் அந்த ஊரில் ஓசிரிஸ் கடவுளை ஒரு ஜாடியின் வடிவில் கும்பிட்டார்கள். வயிறு பானை, மூடி மனிதத் தலை. பிற்காலத்தில் எகிப்துக் கல்லறைகளில் தலை வைத்த ஜாடிகளைப் பார்த்த ஐரோப்பிய அறிஞர்கள், 'ஓ, இது அந்தக் கனோபஸ் சாமிதான்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்த ஊருக்கே பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் கிரேக்கர்களிடம் ஒரு கதை உண்டு. ட்ராய் போர் முடிந்து திரும்பும் மெனலாஸின் கப்பலில் சுக்கான் பிடித்தவன் பெயர் கனோபஸ். அந்தக் கரையில் பாம்பு கடித்துச் செத்தான், அங்கேயே புதைத்தார்கள், ஊர் அவன் பெயரானது. வானத்தில் சிரியஸுக்கு அடுத்துப் பிரகாசமான நட்சத்திரத்துக்கும் அதே பெயர். அந்த நட்சத்திரத்தை நாம் வேறு பெயரில் கூப்பிடுகிறோம்: அகத்தியர். குடத்தில் பிறந்ததால் குடமுனி, கும்பமுனி என்று பெயர் வாங்கிய அதே அகத்தியர்.

இது வெறும் தற்செயல். இதை வைத்து 'எகிப்து நாகரிகமே நம்முடையது' என்று யாரும் தம்ப்நெயில் போட்டுவிட வேண்டாம். ஆனால் பிப்ரவரி மாதம் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் திருவொற்றியூர் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், துறைமுகத்து விளக்குகளுக்கு மேலே, கையை நீட்டி முஷ்டியை மூடிப் பிடித்தால் இரண்டரை முஷ்டி உயரத்தில் அது நிற்கும். ஏதென்ஸில் இருப்பவனுக்கு அது தொடுவானத்துக்கு மேல் வராது. நமக்கும் எகிப்துக்காரனுக்கும் தெரியும். பானையோடு சம்பந்தப்பட்ட ஒரு பெயர் அங்கே, பானையோடு சம்பந்தப்பட்ட ஒரு பெயர் இங்கே. எனக்கு இந்த ஜாடிகளின் மேல் ஆர்வம் வந்தது இந்த அற்பக் காரணத்தால்தான். வாசிக்க வாசிக்க விஷயம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

எதை வைத்துக்கொள்வது

நமக்குத் தெரிந்த மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று ஹெடெஃபெரஸ் ராணியுடையது. கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய குஃபுவின் அம்மா. சுமார் 4600 வருடங்களுக்கு முந்தைய ஆள். ஜார்ஜ் ரைஸ்னரின் குழு 1925-ல் அவளுடைய கல்லறையைக் கண்டுபிடித்தது. 1927-ல் சவப்பெட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளே ஒன்றுமே இல்லை. ராணியைக் காணோம். ஆனால் பக்கத்தில் இருந்த வெள்ளைக் கல்பெட்டியில் நான்கு அறைகள், அறைகளுக்குள் துணியில் சுற்றிய பொட்டலங்கள், அவை ஊறிக்கிடந்த நேட்ரான் உப்புக் கரைசல். மூன்று அறைகளில் தண்ணீர் வற்றாமல் அப்படியே இருந்தது. ஆள் போய்விட்டாள், குடலும் ஈரலும் மிச்சம்.

ஏன் தனியாக எடுத்தார்கள்? முதல் காரணம் ரொம்ப நடைமுறையானது. உடம்பில் முதலில் அழுகுவது வயிற்றுப் பகுதிதான். மீன் மார்க்கெட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கருவாடு போடுகிறவர் முதலில் செய்வது குடலை எடுப்பது, பிறகு உப்பு. எகிப்தியர்கள் செய்ததும் அதேதான். இடது விலாவுக்குக் கீழே ஒரு கீறல், உறுப்புகள் வெளியே, பிறகு பாலைவனத்து ஏரிகளில் கிடைத்த நேட்ரான் உப்பில் காயவைப்பு. மொத்தச் சடங்குக்கும் எழுபது நாள் என்கிறார் ஹெரோடோட்டஸ். பணத்துக்குத் தகுந்தபடி மூன்று விதமான பதப்படுத்தல் இருந்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார். சாவில் கூட ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ், தேர்ட் கிளாஸ்.

இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். மறுமையில் அதைத் தராசில் வைத்து ஒரு இறகுக்கு எதிராக நிறுக்க வேண்டும், அதனால். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து எறிந்துவிடுவார்கள். அதை ஒரு பொருட்டாகவே அவர்கள் நினைக்கவில்லை. மீதி நான்குக்கும் நான்கு காவல் தெய்வங்கள், ஹோரஸின் பிள்ளைகள். மனிதத் தலை கொண்ட இம்செட்டி ஈரலுக்கு, பபூன் குரங்குத் தலை கொண்ட ஹாப்பி நுரையீரலுக்கு, நரித் தலை கொண்ட துவாமுதெஃப் இரைப்பைக்கு, வல்லூறுத் தலை கொண்ட கெபெசெனுஃப் குடலுக்கு. ஆரம்பத்தில் எல்லா மூடியிலும் மனிதத் தலைதான். நான்கும் நான்கு விதமாக மாறியது பின்னால், கி.மு. 1300 வாக்கில். ஆளுக்கு ஒரு திசையும் உண்டு. நுரையீரலைக் காக்கும் ஹாப்பியின் திசை வடக்கு. இந்த வடக்கு எனக்குப் பிறகு தேவைப்படும்.

துத்தன்காமனின் கல்லறையில் இந்த நான்கும் உச்சத்துக்குப் போயின. ஜாடிக்குப் பதில் ஒன்றேகால் அடி நீளத்தில் நான்கு குட்டித் தங்கச் சவப்பெட்டிகள். பத்தொன்பது வயதுப் பையனின் ஈரலுக்குத் தனிச் சவப்பெட்டி. அதுவும் வேறொரு அரசருக்காகச் செய்து, பெயரை மாற்றி எழுதியது என்கிறார்கள்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு. கி.மு. 1000 வாக்கில், இருபத்தொன்றாம் அரச வம்சக் காலத்தில், பதப்படுத்தும் முறை மாறியது. உறுப்புகளைத் துணியில் சுற்றி மறுபடி உடலுக்குள்ளேயே வைக்க ஆரம்பித்தார்கள். அப்படியென்றால் ஜாடி தேவையில்லை, இல்லையா? ஜாடியை நிறுத்தவில்லை. உள்ளே குடையாத, வெறும் கட்டையாகச் செதுக்கிய போலி ஜாடிகளை வைத்தார்கள். ஒன்றும் போட முடியாத ஜாடி. ஆனால் நான்கும் இருந்தாக வேண்டும். எதற்காக ஆரம்பித்தோம் என்பது மறந்த பிறகும் ஒரு சடங்கு எத்தனை நூற்றாண்டு நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? டயோடோரஸ் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். எங்கே கீற வேண்டும் என்று ஒருவர் குறி போடுவார். இன்னொருவர் கல்கத்தியால் கீறுவார். கீறிய கையோடு ஓட ஆரம்பிக்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கல்லால் அடித்து, சபித்துத் துரத்துவார்கள், உடம்பைக் காயப்படுத்திய பாவம் அவன் மேல் என்று. அவனைக் கூப்பிட்டது அவர்கள்தான். கீறச் சொன்னதும் அவர்கள்தான். ஆனால் கல் அவனுக்கு. இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர்ச் சுடுகாடுதான் நினைவுக்கு வந்தது. பிணத்தைத் தொடுகிற வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அந்த வேலைக்கு வைத்த பெயரையே வசையாக மாற்றிய ஊர் நம்முடையது. நாம் கல்லெறிவதில்லை. டம்ளரைத் தனியாக வைத்தோம்.

நம்முடைய பானை

எழும்பூர் அருங்காட்சியகத்தில் மம்மி கிடையாது. ஆனால் அங்கே ஈமப்பேழைகளும் தாழிகளும் இருக்கின்றன. பல்லாவரத்தில் கிடைத்த சுடுமண் பேழைக்கு வரிசையாகக் குட்டிக் கால்கள். நான் முதலில் பார்த்தபோது பன்றிக்குட்டிகளுக்குத் தீவனம் வைக்கிற தொட்டி என்றுதான் நினைக்கத் தோன்றியது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன், "டேய், பாத் டப்புடா" என்றான். ஒருவரின் எலும்புகளுக்காகச் செய்த பெட்டி அது. பல்லாவரம் இன்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புறநகர். சென்னைக்காரர்களுக்குத் தாழி என்றால் எங்கோ தூத்துக்குடிப் பக்கத்துச் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மின்சார ரயிலில் போகிற தூரம்தான்.

ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டினார். அவர் எடுத்தவை எழும்பூர் வந்தன. தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பொருட்கள், நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள், தானிய உமி. ஒரு நூற்றாண்டு கழித்து 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோதும் நூற்றுக்கு மேல் தாழிகள். பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமியைக் காலக்கணிப்பு செய்ததில் கி.மு. 1155 என்று வந்தது. 2021-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள்.

எகிப்தியனுக்கு அழுகும் உறுப்புதான் முக்கியம். தாழி செய்தவர்களுக்கு அழுகாத எலும்பு. சில தாழிகளில் ஆளை முழுதாகக் குத்தவைத்து இறக்கியிருக்கிறார்கள். பலவற்றில் உடம்பை வேறெங்கோ வைத்து, சதையெல்லாம் போன பிறகு, எலும்பை மட்டும் பொறுக்கி வந்து போட்டிருக்கிறார்கள். ஈரல் மண்ணுக்கு, குடல் பருந்துக்கு, எலும்பு பானைக்கு. இறந்தவரில் எது அவர் என்ற கேள்விக்கு இரண்டு ஊரும் நேரெதிர் பதில் சொல்லியிருக்கின்றன.

புறநானூற்றில் இரண்டு பாடல்கள் குயவரைப் பார்த்துப் பேசுகின்றன. ஒன்றில் கிள்ளிவளவன் செத்துவிட்டான். ஐயூர் முடவனார், இவ்வளவு பெரிய அரசனை மூட எவ்வளவு மண்ணைப் பிசைந்து வனைவாய் என்று குயவரிடம் கேட்கிறார். இன்னொன்றில் கணவனை இழந்த பெண், தானும் உள்ளே இருக்கிற மாதிரி அகலமாகத் தாழி செய் என்கிறாள். இரண்டிலும் சாவைப் பற்றிப் பேச ஆள் தேவைப்படும்போது கூப்பிட்டது குயவரை. பூசாரியை இல்லை, அரசனை இல்லை. சென்னையில் அந்தக் குயவர்களின் பேட்டை இன்னும் இருக்கிறது. கொசப்பேட்டை. பிள்ளையார் சதுர்த்திக்கு நாம் பொம்மை வாங்கப் போகிற அதே இடம்.

எகிப்துக்கும் நமக்கும் நிஜமாகவே இருந்த தொடர்பிலும் பானைதான் நடுவில் நிற்கிறது. செங்கடல் கரையில் குசேர் அல்-கதிம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று இருப்பதாக ஐராவதம் மகாதேவன் வாசித்தார். உறியில் தொங்கவிடும் பானை. சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் நம்மாள் ஒருத்தன் அங்கே போய்த் தன் பானையின் மேல் எழுதி வைத்திருக்கிறான். அதற்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் முன்னால் செத்த இரண்டாம் ராம்செஸின் மம்மியில், மூக்குத் துளைகளில் மிளகு. தென்னிந்தியாவிலிருந்து போன மிளகு, ஒரு பாரோவின் பிணத்துக்கு மூக்கு அடைக்க.

ஜாடி சொன்னது

எகிப்தியர்கள் உறுப்புகளைப் பத்திரப்படுத்தியது மறுமைக்காக. அந்த மறுமை வந்ததா என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் எதிர்பார்க்காத ஒரு மறுமை வந்தது.

மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இரண்டு சகோதரர்களின் மம்மிகள் இருக்கின்றன. நெக்த்-அங்க், க்னும்-நெக்த். கி.மு. 1800 வாக்கில் வாழ்ந்தவர்கள், வசதியான குடும்பம். 1908-ல் மார்கரெட் முர்ரே என்ற பெண் அறிஞர் தலைமையில், பார்வையாளர்கள் முன்னால், துணியை அவிழ்த்து ஆராய்ந்தார்கள். நெக்த்-அங்குக்கு நான்கு ஜாடிகளும் இருந்தன. 1970-களில் அந்த ஜாடியிலிருந்த நுரையீரல் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். திசு முழுக்க மணல் துகள், சிலிக்கா. வாழ்நாள் முழுக்கப் பாலைவனக் காற்றைச் சுவாசித்து, மணல் தங்கி, நுரையீரல் தழும்பேறிப் போயிருந்தது. கல்லுடைக்கிறவர்களுக்கு வருமே, அந்த வகை நோய். நிச்சயம் இருமியிருப்பார், மூச்சிரைத்திருக்கும். நாலாயிரம் வருடத்துக்குப் பிறகு அதைச் சொன்னது அவர் ஜாடி.

இன்னொருவன் பெயர் நக்த். டொரண்டோ அருங்காட்சியகத்தில் இருந்தவன். தீப்ஸ் நகரத்தில் கி.மு. 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த நெசவாளிப் பையன். பதின்வயதில் செத்துப்போனான். குடும்பத்துக்குக் காசில்லை. கீறவில்லை, உறுப்பை எடுக்கவில்லை, ஜாடியும் இல்லை. குளிப்பாட்டிச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பாலைவன வெயிலே அவனைக் காயவைத்துக் காப்பாற்றியது. 1974-ல் பிரேதப் பரிசோதனை செய்தபோது எல்லா உறுப்பும் உள்ளேயே இருந்தன. குடலில் புழுக்களின் முட்டை. நுரையீரலில் கரித்துகளும் மணலும். அடுப்புப் புகை, விளக்குப் புகை. பதினைந்து பதினாறு வயதுப் பையனின் நெஞ்சில் கரி.

பாரோக்களின் தங்கத்தைவிட இந்த இரண்டு நுரையீரல்களும்தான் எனக்குப் பெரிதாகப்படுகின்றன. ஒரு அரசாங்கம் தன்னைப் பற்றிச் சுவரில் என்ன வேண்டுமானாலும் செதுக்கிக்கொள்ளலாம். அந்த ஊரில் காற்று எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் சுவரில் இல்லை. மூச்சு விட்டவன் நெஞ்சில் இருக்கிறது.

வடக்கு

இனி என் ஊருக்கு வருகிறேன். நான் வளர்ந்தது தண்டையார்பேட்டை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரே கோடாகப் போட்டால் துறைமுகம், மீன்பிடித் துறை, எண்ணெய்க் கிடங்குகள், உரம், சுத்திகரிப்பு ஆலை, அனல் மின்நிலையம் என்று போகும். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ல் வந்தது. 2017-ல் மூடினார்கள். அதற்குள் வட சென்னை அனல் மின்நிலையம் வந்துவிட்டது. 2001-ல் எண்ணூரில் தனித் துறைமுகம், முதன்மையாக நிலக்கரிக்காக.

2011-ல் ஒரு விஷயம் நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கி ஏற்றுவதால் சுற்றுப்புறத்தில் தூசு படிகிறது என்ற வழக்கில், அங்கே அவற்றைக் கையாளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரோடு நின்றது. ராயபுரத்துக்கு நல்லதுதான். நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. தூசை ஊரைவிட்டு அனுப்பவில்லை, கொஞ்சம் வடக்கே தள்ளி வைத்தார்கள். ஹாப்பியின் திசை.

நிலக்கரியை எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும்தான். நெக்த்-அங்கின் ஜாடியில் இருந்த மணலும் சிலிக்கா. அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. அதே மாதம் 26-ந் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சு முட்ட ஓடினார்கள்.

என் பெரியப்பா வார்ப்படப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பேர் சொல்லுமளவுக்குப் பெரிய பட்டறை இல்லை. கடைசி நாலைந்து வருஷம் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவார். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் எளப்பு" என்பார். இறந்தபோது மருத்துவமனையில் சீட்டில் எழுதியது: இதயமும் சுவாசமும் நின்றுபோனது. யோசித்துப் பாருங்கள். இது யாருக்குத்தான் நிற்காது? செத்துப்போனார், அதனால் செத்துப்போனார் என்று எழுதுவது மாதிரி.

மறுநாள் காலையில் மயானத்துக்குப் போனோம். அங்கே வேலை செய்கிற அண்ணன் எலும்புகளைத் தனியாக எடுத்துத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். "கால்லருந்து ஆரம்பிச்சு மேல வா தம்பி, தல கடைசி" என்றார். பொறுக்கிப் போட ஒரு மண்கலயம். நான் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். எலும்பைப் பானையில் சேர்க்கிற அந்த வேலையை மூவாயிரம் வருஷமாக யாரோ செய்துகொண்டேதான் இருக்கிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. வித்தியாசம் ஒன்றுதான். தாழி மண்ணுக்குள் நின்றது. நம் கலயம் ஒரு மணி நேரம்தான் தாங்க வேண்டும். மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, காசிமேட்டில் முழங்கால் தண்ணீரில் நின்று, பின்பக்கமாக விட்டுவிட்டு, "திரும்பிப் பாக்காம வா" என்ற குரலுக்குக் கட்டுப்பட்டு நடந்து வந்தோம். பெரியப்பாவின் நுரையீரலில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எரிப்பதைக் குறை சொல்லவில்லை. நாங்கள் எரிக்கிற குடும்பம், நானும் எரிந்துதான் போவேன். இந்த வட்டாரத்தில் புதைக்கிறவர்களும் நிறைய. 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசனுக்கும் தாளமுத்துவுக்கும் மூலக்கொத்தளத்தில்தான் நினைவிடம் இருக்கிறது. ஆனால் புதைத்தாலும் எரித்தாலும் நெஞ்சுக்குள் இருந்த சாட்சி போய்விடும். நம் ஈரமான மண் எகிப்துப் பாலைவனம் இல்லை.

உறுப்புகளை ஜாடியில் வைக்கிற பழக்கம் இங்கே அறவே இல்லையா? இருக்கிறது. எந்த மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறைக்குப் போனாலும் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும். 1893-ல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மன் மருத்துவர் ஃபார்மலின் திசுவைக் கெட்டிப்படுத்துவதைக் கவனித்தார். அதன் பிறகு நேட்ரான் செய்த வேலையை அதுதான் செய்கிறது. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல், அதே நான்கும் அங்கே உண்டு. லேபிளில் ஒரு எண், நோயின் பெயர். எகிப்து ஜாடியில் இறந்தவர் பெயரும் காவல் தெய்வத்தின் பெயரும் இருக்கும், நோயின் பெயர் இருக்காது. இங்கே நோய் இருக்கிறது, ஆள் இல்லை. அவர் எந்தத் தெருவில் குடியிருந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதும் இல்லை.

காகித ஜாடி

அப்படியானால் நம்மிடம் மிஞ்சுவது ஒரே ஒரு ஜாடி. காகிதம்.

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் மருத்துவர் படிவம் 4 என்ற ஒன்றை நிரப்ப வேண்டும். வீட்டில் இறந்தால் 4ஏ. அதில் மரண காரணத்துக்கு ஒரு சங்கிலி இருக்கிறது. முதல் வரி, உடனடிக் காரணம். இரண்டாவது வரி, அது எதனால் வந்தது. மூன்றாவது வரி, அதற்கும் அடியில் இருந்த நோய் எது. பிறகு, துணை நின்ற பிற நோய்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு இடங்கள். இதயம் நின்றது என்பது மாதிரி சாகும் விதத்தைக் காரணமாக எழுதக் கூடாது என்று படிவத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. இருந்தும் எழுதுகிறார்கள். அப்படி நிரப்பிய படிவம் இருபத்தொன்றாம் வம்சத்தின் போலி ஜாடிதான். வெளியே பார்க்க ஜாடி, உள்ளே குடையவில்லை.

இறப்பைப் பதிவு செய்யும் இன்னொரு படிவத்தில், இறந்தவர் புகைபிடிப்பவரா, எத்தனை வருஷம் என்று கேட்கிறார்கள். தொழில் என்ன என்றும் ஒரு கட்டம் உண்டு. நல்ல கேள்விகள். எத்தனை வருஷம் அனல் மின்நிலையத்தின் காற்றுத் திசையில் குடியிருந்தார் என்ற கேள்வி மட்டும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1969-ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ம் பிரிவு, பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் நகலில் மரண காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. தற்கொலை, தொற்றுநோய் என்றெல்லாம் வெளியே தெரிந்து குடும்பம் அவமானப்படக் கூடாது என்ற அக்கறை அதற்குள் இருக்கலாம். விளைவு, நாம் மாநகராட்சியில் வாங்கும் இறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், இடம் இருக்கும். எதனால் என்பது இருக்காது. ஜாடியை அரசாங்கம் வைத்துக்கொண்டது, மூடியைத் திறந்து பார்க்கிற உரிமை வீட்டாருக்கு இல்லாமல் இருந்தது.

2023-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி மருத்துவமனை, நோய் வரலாறும் சேர்த்த மரண காரணச் சான்றைப் பதிவாளருக்கு அனுப்புவதோடு, ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். சாவு வீட்டில் யாருக்கும் இது நினைவிருக்காது. ஆம்புலன்ஸ், ஐஸ் பெட்டி, யாருக்கெல்லாம் போன் போட்டாச்சு, மாலை வந்துச்சா, இதில்தான் அந்த நாள் போகும். எனக்குத் தெரியும்.

ஆனாலும் சொல்கிறேன். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ உங்கள் வீட்டில் ஒருவர் மூச்சிரைத்து இறந்தால், குடும்பத்தில் கொஞ்சம் நிதானமாக இருக்கிற ஒருவர் அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வரியும் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் வரியோடு நின்றிருந்தால், "டாக்டர், இது எதனால வந்துச்சுன்னு எழுதலையே" என்று மரியாதையாகக் கேளுங்கள். தொழில் கட்டத்தில் 'கூலி' என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்த வேலை, எத்தனை வருஷம் என்று சொல்லுங்கள். வாங்கியதைச் செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கிற அந்தத் தகரப் பெட்டியில் வையுங்கள்.